மழை நின்ற பிறகும் படபடக்கும் நெஞ்சு... தீராத மன அழுத்தம் இதயத்தை என்ன செய்கிறது?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் காயல்பட்டினம், குரும்பூர், நாசரேத், ஆழ்வார்திருநகரி எனக் கொட்டும் மழையில் ஊர்ந்து வந்து, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கு அப்பால் போக வழியில்லை. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தோடு போயிருந்தன. ரயிலில் சுமார் 800 பேர். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே, சுற்றிலும் தண்ணீர் நிற்க, மீட்புப் படை வந்து சேரும்வரை காத்துக் கிடந்தார்கள். புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்ததை நாடே பார்த்தது.

அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாக ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரை தாண்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கமெல்லாம் வாழைத்தோட்டங்கள் மூழ்கின. கடலோரத்தில் உப்பளங்கள் கரைந்தன.

அந்த இரவில் நாசரேத் முதல் ஏரல் வரை எத்தனை ஆயிரம் நெஞ்சுகள் படபடத்திருக்கும்! கட்டிலுக்கு மேல் ஸ்டூல், ஸ்டூலுக்கு மேல் குழந்தை, கையில் சார்ஜ் தீர்ந்துபோகும் செல்போன் என்று நின்றவர்களுக்கு உடம்பே மணியடித்துக்கொண்டிருந்திருக்கும். ஆனால், இந்த வாரம் பேசப்போவது அந்தப் படபடப்பைப் பற்றி அல்ல. தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, டி.வி. கேமராக்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போன பிறகும் நிற்காமல் ஓடும் இன்னொரு படபடப்பு இருக்கிறது. வாழை போன பிறகும் வாழைக்கு வாங்கிய கடன் இருக்கிறது. நனைந்த பத்திரத்துக்கு நகல் வாங்க அலைய வேண்டியிருக்கிறது. வாரா வாரம் குழுக்கடன் தவணை வந்து நிற்கிறது. இதயத்தை மெல்ல மெல்ல அரிப்பது இதுதான் என்கிறது மருத்துவ ஆராய்ச்சி.

ஏறத் தெரிந்த உடம்புக்கு இறங்கவும் தெரியும்

முதலில், மன அழுத்தம் என்பதே கெட்டது என்ற எண்ணத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடலாம். பாம்பைப் பார்த்தால் குதித்து ஓடுகிறோமே, அது மன அழுத்தம் செய்யும் நல்ல வேலை.

மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது அதுதான். அது குரல் கொடுத்ததும் நரம்புகள் வழியாகவும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வழியாகவும் உடம்பு முழுக்கச் செய்தி போகிறது. அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. தசைகளுக்குத் தீனி வேண்டுமே, அதற்காக ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. காயம்பட்டால் ரத்தம் சீக்கிரம் உறைய வேண்டும் என்று தட்டணுக்கள் ஒட்டும் தன்மையோடு தயாராகின்றன. சற்றுத் தாமதமாகக் கார்டிசால் என்ற ஹார்மோனும் வந்து சேர்ந்துகொள்கிறது.

ஆபத்து நீங்கியதும் இவை எல்லாம் இறங்கிவிட வேண்டும். ஆரோக்கியமான உடம்பில் இறங்கிவிடும். தினமும் ராத்திரி நாம் தூங்கும்போது ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவிகிதம் குறைகிறது. பகலெல்லாம் உழைத்த ரத்தக்குழாய்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அது.

தவணைக்காரருக்கு இந்த ஓய்வு தெரியாது. பாம்பு வந்துவிட்டுப் போய்விடும், கடன் போகாது. ராத்திரி இரண்டு மணிக்கும் விழிப்பு தட்டி, 'நாளைக்கு என்ன சொல்லப்போறோம்' என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தால், உடம்பைப் பொறுத்தவரை பாம்பு இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அமிக்டலா அடித்த மணியை நிறுத்துவதே இல்லை. ரத்த அழுத்தம் இரவிலும் இறங்காமல் போகிறது. சர்க்கரை உயர்ந்தே நிற்கிறது. தட்டணுக்கள் ஒட்டத் தயாராகவே சுற்றுகின்றன.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். புயல் அடித்தால் தகரக் கூரை பறக்கும். அதை எல்லோரும் பார்ப்பார்கள். உப்புக்காற்று அதே தகரத்தைச் சத்தமே இல்லாமல் அரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் கை வைத்தால்தான் தெரியும்.

ஒரே நாளில் உடையும் இதயங்கள்

திடீர் அதிர்ச்சி இதயத்தை நிறுத்திவிடும் என்பதற்குச் சான்று உண்டு. 1994 ஜனவரி 17-ம் தேதி அதிகாலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. அந்தப் பகுதியில் அதற்கு முந்தைய நாள்களில், இதய நோயால் திடீரென இறப்பவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 பேர். அன்று 24 பேர். இடிபாட்டில் சிக்கியவர்கள் அல்ல இவர்கள். பயத்தில் இதயம் நின்றவர்கள். ஏற்கெனவே ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தவர்களுக்கு அந்தப் பயம் கடைசித் துரும்பாகிப் போயிருக்கிறது.

அடைப்பே இல்லாதவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் அதற்கு வைத்த பெயர் 'டகோட்சுபோ'. டகோ என்றால் ஆக்டோபஸ், நம்மூர் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்வது. சுபோ என்றால் பானை. ஆக்டோபஸ் பிடிக்க ஜப்பானியர்கள் கடலில் இறக்கும் பானைக்குக் கழுத்து குறுகி, அடி அகன்றிருக்கும். துணையின் மரணம் போன்ற பேரதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு இதயத்தின் இடது கீழறை அப்படியே அந்தப் பானையின் வடிவத்தில் உப்பிப்போய், சுருங்க முடியாமல் தவிக்கிறது. அறிகுறிகள் மாரடைப்பு போலவே இருக்கும். பாதிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். எல்லோருக்கும் அல்ல.

'அவர் போன துக்கத்துலேயே இவங்களும் போயிட்டாங்க' என்று ஊரில் பேசிக்கொள்வதை இனிமேல் வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

வெள்ளம் போன பத்து வருஷத்துக்குப் பிறகு

நாசரேத்துக்கும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் வெள்ளம் பார்த்த ஊர்கள்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளியால் நியூ ஆர்லியன்ஸின் பெரும்பகுதி மூழ்கியது. அங்கே துலேன் பல்கலைக்கழக மருத்துவமனையின் இதய நிபுணர் ஆனந்த் இரிம்பனும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு கணக்கெடுத்தார்கள். தங்கள் மருத்துவமனையில் சேரும் நோயாளிகளில் எத்தனை பேருக்கு மாரடைப்பு? கத்ரீனாவுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு? இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது சுமார் மூன்று மடங்காகியிருந்தது. சரி, அதிர்ச்சி ஆறவில்லை என்று நினைத்தார்கள். ஆறு வருஷம் கழித்தும் குறையவில்லை. பத்து வருஷம் கழித்தும் குறையவில்லை.

இது ஒரே ஒரு மருத்துவமனையின் கணக்கு. புயலுக்குப் பிறகு நகரத்தின் மக்கள்தொகையும் மாறிப்போனது. அதனால் முழுப் பழியையும் மன அழுத்தத்தின் மீது போட முடியாது. ஆனாலும், மாரடைப்போடு வந்தவர்கள் யார் என்று பார்த்தால் நிலைமை விளங்குகிறது. புயலுக்கு முன் வந்தவர்களோடு ஒப்பிட்டால் வேலையில்லாதவர்கள் அதிகம், மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் அதிகம், மனநலப் பிரச்னை உள்ளவர்கள் அதிகம், புகைபிடிப்பவர்கள் அதிகம், எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் அதிகம்.

இன்னொரு வித்தியாசத்தையும் அவர்கள் கவனித்தார்கள். மாரடைப்பு பொதுவாகக் காலை நேரத்தில், அதிலும் திங்கட்கிழமைகளில் கூடுதலாக வரும் என்பது மருத்துவர்களுக்குப் பழகிய கணக்கு. கத்ரீனாவுக்குப் பிறகு அங்கே அந்தக் கணக்கு கலைந்தது. இரவுகளிலும் வார இறுதிகளிலும் மாரடைப்பு கூடியது. ஓய்வு எடுக்க வேண்டிய நேரம் ஓய்வாக இல்லாமல் போனதோ என்னவோ!

தூத்துக்குடி மாவட்ட வெள்ளத்துக்குப் பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் தரப்பட்டது. கால்நடைக்கும் பயிருக்கும் கணக்கெடுத்தார்கள். வேண்டியதுதான். அந்தக் கணக்கெடுப்பில் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு கட்டம் இருந்திருக்கலாம்.

முடியில் எழுதியிருக்கும் மூன்று மாதம்

'டென்ஷன் என்பது மனசு சம்பந்தப்பட்டது. அதை எப்படி அளப்பது?' என்று கேட்கலாம். தலைமுடியில் அளந்தவர்கள் இருக்கிறார்கள்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. வளரும்போது ரத்தத்தில் இருக்கும் கார்டிசாலைத் தனக்குள் சேமித்துக்கொள்கிறது. வேரிலிருந்து 3 செ.மீ. நீள முடியை வெட்டிப் பரிசோதித்தால், கடந்த மூன்று மாதங்களில் ஒருவர் எவ்வளவு கார்டிசாலில் ஊறியிருந்தார் என்பது தெரியும். கனடா, இஸ்ரேல் ஆய்வாளர்கள் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மாரடைப்புடன் மருத்துவமனைக்கு வந்த 56 ஆண்களின் முடியையும், வேறு நோய்க்காகச் சேர்ந்த 56 ஆண்களின் முடியையும் ஒப்பிட்டது. மாரடைப்பு வந்தவர்களின் முடியில் கார்டிசால் அதிகமாக இருந்தது. நெஞ்சு வலித்த நாளுக்கு முன்பே உடம்பு டைரி எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

மூளையிலிருந்து இதயத்துக்கு இந்தச் செய்தி போகும் பாதையையும் ஓரளவு கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 293 பேரின் ஸ்கேன் படங்களைப் பார்த்து, பிறகு அவர்கள் உடல்நலத்தைச் சில ஆண்டுகள் கவனித்தார்கள். 2017-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு இது. யாருடைய அமிக்டலா அதிகமாக வேலை செய்துகொண்டிருந்ததோ, அவர்களுடைய எலும்பு மஜ்ஜையும் சுறுசுறுப்பாக இருந்தது. ரத்தக்குழாய்ச் சுவர்களில் அழற்சியும் அதிகமாக இருந்தது. பிற்பாடு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அவர்களுக்கே அதிகம் வந்தன.

எலும்பு மஜ்ஜை இதில் எங்கிருந்து வந்தது? அங்கேதான் வெள்ளை அணுக்கள் உற்பத்தியாகின்றன. காயம்பட்டால் கிருமியோடு சண்டை போட ஆள் வேண்டும் என்று, பதற்றமான உடம்பு முன்கூட்டியே அவற்றைக் கூடுதலாகத் தயாரிக்கிறது. சண்டைக்குக் கிருமி இல்லை. வேலையற்ற அந்த அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டுக்குள் நுழைந்து அதைப் புண்ணாக்குகின்றன. புண்ணான திட்டு ஒருநாள் வெடிக்கும். வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். அந்த நிமிடத்துக்குத்தான் நாம் மாரடைப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய ஐந்து, பத்து வருஷக் கதைக்கு ஊரில் பெயரே இல்லை.

'டென்ஷன் எல்லாம் பெரிய ஆபீஸருக்குத்தான்'

இது பலரும் நம்பும் தப்பு. லண்டனில் 1967-ல் தொடங்கிய 'வைட்ஹால்' ஆய்வு அரசு ஊழியர்களை மேலதிகாரி முதல் கடைநிலை ஊழியர் வரை ஆண்டுக்கணக்கில் கவனித்தது. பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்குத்தானே மாரடைப்பு அதிகம் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கடைநிலை ஊழியர்களில் இதய நோயால் இறந்தவர்களின் விகிதம், மேலதிகாரிகளைப்போல மூன்று மடங்குக்கும் மேல்! புகைபிடிப்பது, ரத்த அழுத்தம் என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. தன் வேலையின் மீது தனக்குப் பிடிமானமே இல்லாத நிலைமையும் இதற்கு ஒரு காரணம் என்பதைப் பிறகு மைக்கேல் மார்மட் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள்.

அதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். மழை எப்போது வரும் என்று தெரியாத உப்பளத் தொழிலாளி. துறைமுக கேட்டில் எப்போது உள்ளே விடுவார்கள் என்று தெரியாமல் லாரியிலேயே தூங்கும் கன்டெய்னர் டிரைவர். தார் என்ன விலைக்குப் போகும் என்று வெட்டும் நாள்வரை தெரியாத வாழை விவசாயி. கணவர் வளைகுடாவிலோ மும்பையிலோ இருக்க, நாசரேத் வீட்டில் மாமனார், மாமியார், பிள்ளைகள், வட்டி எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமக்கும் பெண். இவர்களில் யாரும் ஆபீஸர் இல்லை.

கேரளத்தில் பிறந்த இதய மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல் வெளியானது. முதல் மாரடைப்பு வந்த 11,000-க்கும் மேற்பட்டவர்களை, மாரடைப்பு வராத 13,000-க்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். முந்தைய ஓராண்டில் எப்போதுமே மன அழுத்தத்தில் இருந்ததாகச் சொன்னவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இரு மடங்குக்கும் சற்று அதிகம். மாரடைப்பு வந்தவரிடம் போய் 'டென்ஷனா இருந்தீங்களா' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதானே சொல்வார் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால், பல நாடுகளிலும் ஆண், பெண் இருபாலரிடமும் இதே போக்கு தெரிந்ததால் மருத்துவ உலகம் இதை ஒதுக்கவில்லை. அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று நமக்கு மிக முக்கியம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வருவது சராசரியாக 53 வயதில். மற்ற நாட்டவர்களுக்கு அது ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் வருகிறது.

'வாயுப் பிடிப்புதான், ஒண்ணுமில்ல'

இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பேச்சு இது.

"என்ன மைனி, மூஞ்சியே வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல... ராத்திரி சரியா உறக்கம் இல்ல. முதுகுல என்னமோ பிடிச்சு இழுக்கு. வாயுவாத்தான் இருக்கும்."

"ஒரு சோடா குடிச்சிட்டுப் படுங்க, சரியாப் போயிரும்."

வாயுவாகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால், பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்பதில்லை. நெஞ்சுவலியோடு, சில நேரம் அது இல்லாமலேயே, தாடை, கழுத்து, முதுகு, தோள் ஆகிய இடங்களில் வலி, வழக்கத்துக்கு மாறான அசதி, மூச்சு வாங்குதல், குமட்டல், குளிர்ந்த வியர்வை என்று வரலாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். மாடிப்படி ஏறினால் கூடுவதும் உட்கார்ந்தால் குறைவதுமாக இருந்தால் அது வயிற்றுச் சமாசாரம் அல்ல. சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் சோடாவைத் தேடாமல் 108-ஐ அழைப்பதுதான் சரி. பைக்கில் உட்காரவைத்துத் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ நேராகக் கிளம்பவும் வேண்டாம்.

சின்ன ஊரில் இருக்கிறோம், என்ன கிடைக்கும் என்ற கவலை இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கிறார்கள். இவற்றை நாமாகவே வாங்கி விழுங்கக் கூடாது. அங்கே இருப்பவர்கள் நிலைமையைப் பார்த்துத் தருவார்கள். நாசரேத்தைப் பொறுத்தவரை வைத்தியம் புதுசும் இல்லை. மருத்துவ மிஷனரி ஸ்ட்ராக்கன் 1870-ல் இங்கே தொடங்கிய சிகிச்சைப் பணிதான் தூய லூக்கா மருத்துவமனைக்கு வேர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மருத்துவமனையைப் பார்த்த ஊரில் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளாமல் யாரும் இருக்கக் கூடாது. 30 வயது தாண்டிய எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். 140/90 என்ற அளவு தாண்டி இரண்டு மூன்று முறை வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். ஊழியர் வரும்போது 'எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல தாயி, அடுத்த வீட்டைப் பாரு' என்று அனுப்பிவிடாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

'டென்ஷன் ஆகாதீங்க' என்று சொல்வதைப் போலப் பயனற்ற அறிவுரை வேறில்லை. கடனை யார் அடைப்பது? அதனால், கடன் இருக்கும்போதே இதயத்தைக் காப்பது எப்படி என்றுதான் பார்க்க வேண்டும்.

இதயத்தின் வேகத்தைக் கூட்டும் நரம்புக்கூட்டம் இருப்பதுபோலவே குறைக்கும் நரம்பும் உண்டு. அதன் பெயர் வேகஸ். தூத்துக்குடி கடலில் 1961-ல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவர்களின் இதயம் தண்ணீருக்குள் மெதுவாகத் துடித்திருக்கும். முகம் நீரில் படும்போது, மூச்சு நிற்கும்போது வேகஸ் நரம்பு தானாகவே பிரேக் போடும். கரையில் இருக்கும் நமக்கு அந்த பிரேக்கைத் தொட இருக்கும் வழி, மூச்சை மெதுவாக விடுவது.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி 23 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார். 2001-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்டது. லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும், யோக மந்திரம் சொன்னபோதும் அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்ற கணக்குக்கு வந்தது. அந்த வேகத்தில் ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் உடம்பின் ஏற்பாடு நன்றாக வேலை செய்தது. எந்த மொழி, எந்த வேதம் என்பது இதயத்துக்கு முக்கியமாகத் தெரியவில்லை. நாலு எண்ணி உள்ளே இழுத்து, ஆறு எண்ணி வெளியே விட்டால் அதே கணக்கு வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து, பத்து நிமிடம். மாத்திரைக்கு இது மாற்று கிடையாது. மாத்திரையோடு சேர்த்துச் செய்யலாம்.

இதைவிடப் பெரிய பலன் தந்த ஆய்வு ஸ்வீடனில் நடந்தது. மாரடைப்பு போன்ற இதயப் பிரச்னை வந்த 237 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. பாதிப் பேருக்குக் கூடுதலாக ஒன்று: சின்னச் சின்னப் பெண்கள் குழுவாக ஓராண்டில் 20 முறை கூடி உட்கார்ந்து, வீட்டிலும் வேலையிலும் தங்களை அழுத்துவது எது, அதை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு செவிலியரின் துணையோடு பேசினார்கள். அவ்வளவுதான். சுமார் ஏழு ஆண்டுகளில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 20 சதவிகிதம் பேர் இறந்திருந்தார்கள். கூடிப் பேசியவர்களில் 7 சதவிகிதம்.

நம் ஊர்களில் பெண்கள் கூடும் மகளிர் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் பேசப்படுவது யார் தவணை கட்டவில்லை என்பதுதான். அதே பாயில், அதே பெண்கள், பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து 'உனக்கு ராத்திரி உறக்கம் வருதா?' என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ள முடியாதா? பக்கத்து சுகாதார நிலையத்துச் செவிலியரையும் மாதம் ஒருமுறை கூப்பிட்டு உட்காரவைத்தால், கையோடு ரத்த அழுத்தமும் பார்த்துவிடலாம். தனிமையும் இதயத்துக்கு ஆகாது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. தனித்திருப்பவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 29 சதவிகிதம் கூடுதல் என்று 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் அந்த இரண்டு நாள்கள் புதுக்குடிக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தது சோறு மட்டும்தானா என்ன?

யாரிடமும் சொல்ல முடியாத பாரம் என்றால் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். பெயர் சொல்லக்கூட வேண்டியதில்லை. தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நேரில் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இறுதியாக, கத்ரீனா ஆய்வில் இருந்து இன்றைக்கே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு காரியம். வெள்ளத்திலும் அலைச்சலிலும் முதலில் விட்டுப்போவது மாத்திரைதான். பிரஷர், சுகர், இதய மாத்திரை சாப்பிடும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு அவர்களுடைய மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் இதே போனில் போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். அடுத்த ஐப்பசி, கார்த்திகைக்கு முன் ஒரு வாரத்துக்கான மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.